வெட்டரிவாளை விட்டுப்போன தை மாதம்

அறுப்புக்குக் கிளம்பும்போது எந்த அரிவாளை எடுப்பது, எதை வீட்டில் போடுவது என்று முடிவு செய்வது எப்போதும் செபஸ்தியம்மாள்தான். உள்ளூர் வேலையென்றால் யோசிக்க ஒன்றுமில்லை. கதிர் அறுக்க அவளுக்கொரு கருக்கரிவாள், புருஷன் இருதயசாமிக்கொன்று. அவன் மடியில் புகையிலை நறுக்க ஒரு மடக்குக்கத்தி கிடக்கும், வேளாங்கண்ணித் திருவிழாவில் வாங்கியது. வெளியூரில் போய்க் களத்துமேட்டில் கொட்டகை போட்டுத் தங்குவதென்றால் மட்டும் வெட்டரிவாளும் கூட வரும். மூங்கில் வெட்ட வேண்டும், விறகு பிளக்க வேண்டும், வைக்கோலுக்குள் பாம்பு கிடக்கும்.

அந்தத் தையில் நன்னிலத்துப் பக்கம் அவர்கள் ஊரில் வேலை இல்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்குப் பண்ணையார் வெளியாட்களை இறக்கிவிட்டார். ஆட்சி மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. டீக்கடை வாசலில் புதுக்கொடி பறந்தது. இனிமேல் நம்ம காலம் என்று தெருவில் பேசிக்கொண்டவர்கள், அறுவடை வந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பொங்கல் கழிந்து வாய்க்கால் கரையில் தகராறு மூண்டது. வெளியாள் ஒருவனுக்குத் தோளில் வெட்டு விழுந்தது. வெட்டியது யாரென்று தெரியவில்லை. போலீஸ் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியது.

தகராறு நடந்தபோது இருதயசாமி காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். எழுந்து நடமாடத் தொடங்கியதும் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஊரில் அறுப்புக்கு ஆள் கேட்டு வந்தார்கள்.

"வெட்டரிவா வேணாங்க, இங்கயே கெடக்கட்டும்," என்றாள் செபஸ்தியம்மாள்.

"அது இல்லாம கொட்டாய எப்புடிப் போடுறது புள்ள? மூங்கிலப் பல்லால கடிக்கவா?"

"மதகுல நிறுத்தி மூட்டையப் பிரிச்சுப் பாக்குறாங்க. உங்க கையில அதப் பாத்தா மூங்கில் வெட்டப் போறவன்னா நெனப்பாங்க?"

அவன் வெட்டரிவாளை மூட்டையிலிருந்து உருவிக் கீழே வைத்தான். ஆளில்லாத வீட்டில் அதைச் சும்மா போட்டுவிட்டுப் போகவும் அவளுக்கு மனம் வரவில்லை. கோபத்தில் இருக்கிற இளவட்டம் எவனாவது எடுத்துக்கொண்டு போய் ஏதாவது செய்துவிட்டால்? எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி, கோழிக்கூட்டை நகர்த்தி அதன் அடியில் குழி தோண்டிப் புதைத்தாள். கூட்டை மறுபடி இழுத்து வைத்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது.

மதகில் போலீஸ்காரர் மூட்டையை உதறிப் பார்த்தார். கருக்கரிவாள் இரண்டையும் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மடக்குக்கத்தியை மட்டும் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இருதயசாமி ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு நடந்தான்.

போன இடத்தில் பெரும்பாடுதான். அறுப்புக்கு வந்திருந்த பக்கத்துக் கூட்டத்தாரிடம் வெட்டரிவாளை இரவல் வாங்கித்தான் நாலு கம்பு வெட்ட முடிந்தது. மறுநாள் விறகுக்குக் கேட்டபோது, "சொந்தமா ஒண்ணு எடுத்தாரக் கூடாதா?" என்றார்கள். செபஸ்தியம்மாள் ஈரச் சுள்ளியை ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்துபோனாள்.

நாலைந்து நாள் போயிருக்கும். ஊரிலிருந்து எதிர்வீட்டு ஐயாவு வரப்போடு ஓடிவந்தான். முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கை நின்றுவிட்டது.

"தெருவ சல்லடை போட்டுச் சலிச்சுட்டாங்க அண்ணே. உங்க கோழிக்கூட்டுக்கடியில அரிவா கெடைச்சிருக்கு. குத்தம் இல்லாதவன் எதுக்குப் பொதைக்கிறான், பொதைச்சுட்டு எதுக்கு ஊர விட்டுப் போறான்னு கேக்குறாங்க. நீங்க இப்புடியே எங்கயாவது போயிடுங்க."

"ஓடுனா நான்தான் வெட்டுனேன்னு ஆயிடும்," என்றான் இருதயசாமி. காலைக் கழுவிக்கொண்டு, கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினான்.

"நான்தானே பொதைச்சேன், நானும் வாரேன்," என்று அவள் கூடவே போனாள். ஸ்டேஷனில் அவளை உள்ளே விடவில்லை.

வழக்கு கோடைகாலம் தாண்டி இழுத்தது. ஜாமீனுக்குச் சொத்துக் காட்ட அந்தத் தெருவில் யாருக்கும் கையகல நிலம் கிடையாது. அவன் ஜெயிலிலேயே கிடந்தான். கோர்ட்டில் மேஜை மேல் அந்த அரிவாள் அட்டைச்சீட்டு கட்டிக் கிடந்தது. செபஸ்தியம்மாள் கூண்டில் ஏறி, புதைத்தது தான்தான் என்று சொன்னாள்.

"மூங்கில் வெட்டுற அரிவாள எதுக்கும்மா பொதைச்ச?" என்று சர்க்கார் வக்கீல் கேட்டார்.

"பயந்துதாங்க."

"யாருக்குப் பயந்து?"

வாசலில் போலீஸ்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு, "தெரியலீங்க," என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் பிறகு எத்தனையோ விதமாக மனதுக்குள் திருத்திச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

வெட்டுப்பட்டவன், முகத்தைப் பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னான். அதனால் விடுதலை கிடைத்தது. வீட்டுக்கு வந்தவன் பாதி ஆளாக இருந்தான். இருமல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. பண்ணையில் அவனைச் சேர்க்கவில்லை. தெருக்காரர்களும் அவனோடு நின்று பேசத் தயங்கினார்கள். அவன் யாரையும் குறை சொல்லவில்லை. அவளையும் சொல்லவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

ஒருநாள் கஞ்சியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "என்னை ஒரு வார்த்தை திட்டிடுங்களேன்."

அவன் கஞ்சியைப் பார்த்தபடியே சொன்னான்: "எடுத்துட்டுப் போயிருந்தா மதகுலயே புடிச்சிருப்பான் புள்ள. நாலு நாள் முன்னாடி உள்ள போயிருப்பேன். அம்புட்டுத்தான் வித்தியாசம்."

அவளைத் தேற்றத்தான் சொன்னான். அவளுக்கோ அதைக் கேட்டதும் மிச்சமிருந்த தெம்பும் போய்விட்டது. தன் தப்பு என்றால் அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். எப்படிச் செய்திருந்தாலும் இதுதான் என்றால் எதைத் திருத்துவது?

அடுத்த தைக்கு முன்பே இருதயசாமி போய்ச் சேர்ந்தான். கோயில் மணி அடித்து, மழையோடு மழையாக அடக்கம் செய்தார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் செபஸ்தியம்மாள் அறுப்பு ஆட்களோடு திருவாரூர்ப் பக்கம் கிளம்பினாள். பேச்சுத்துணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த தெருக்காரி அருள்மேரி ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தாள். செபஸ்தியம்மாள் பஸ் ஜன்னல் வழியாக விளைந்து சாய்ந்த கதிர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலடி மூட்டையில் ஒரே ஒரு கருக்கரிவாள் இருந்தது.