ரிலீவர் வரவில்லை

காலை ஒன்பது மணி. வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி கேட்டில் விசிட்டர் பாஸுக்காக நிற்கிறேன். அத்தனை பெரிய கண்ணாடிக் கட்டடம், கேட்டருகே உட்கார ஒரு ஸ்டூல் இல்லை. என் பெயரை ரிஜிஸ்டரில் எழுதுகிற செக்யூரிட்டிக்காரர் கோலார் தங்கவயல் தமிழர். நாற்பது வயதிருக்கும், கண்கள் சிவந்திருக்கின்றன.

"டியூட்டி முடியலையா?"

"எட்டு மணிக்கே முடிஞ்சுது சார். ரிலீவர் வரல. அவன் வந்தாதான் நான் நகர முடியும்."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். "நானே ரிலீவர்தான் சார், ஒரு காலத்துல."

இங்கே ஒரு ஃபேக்டரியின் பேஸ்பால் டீமில் சம்பளத்துக்கு ஆடியவராம். பந்து வீசுகிறவன் அடி வாங்கிக் களைத்த பிறகு, அவனுக்குப் பதிலாக வீசக் கடைசியில் இறக்குகிற ஆளுக்கும் அதே பேர்தானாம்.

"எவனோ கெடுத்து வச்ச மேட்ச நான் போய் நிமித்தணும். ஜெயிச்சா கப்பு அவன் கையில. தோத்தா என்னால. தோள் போச்சு, அதோட வேலையும் போச்சு."

வாக்கி-டாக்கி கரகரக்கிறது. ரிலீவர் இன்று வரமாட்டானாம். ராத்திரி வரைக்கும் இவரே பார்க்க வேண்டுமாம்.

"சரி சார்" என்கிறார்.

வெளியே ஒரு கார் ஹார்ன் அடிக்கிறது. வலது கை தொங்க, இடது கையால் கேட்டைத் தள்ளுகிறார்.

"கூப்பிட்டு நான் இறங்காத நாளே கிடையாது சார்" என்கிறார், என்னைப் பார்க்காமல்.