தோலோடு அவித்த கிழங்கு

துரை பங்களாவில் சமையல்காரனாக இருந்தவனுக்கு அடுப்புச் சூடு ஒன்றும் பெரிதில்லை, துரை முகத்தில் ஏறும் சூடுதான் பெரிது. குசினியில் வெந்தவர்களே, உங்களுக்கா நான் சொல்லித் தெரிய வேண்டும்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஐரிஷ்காரத் துரையிடம் மாட்டிக்கொண்டு நான் முழித்த கதை இது. இப்போது நினைத்தாலும் அந்தக் கிழங்கு வாசம் மூக்கில் வருகிறது.

முதல் நாள்

முந்தைய துரைக்குச் சமைத்த மிதப்பில், உருளைக்கிழங்கைத் தோல் சீவி, வழவழவென்று அவித்து, பெருமையாக மேசையில் வைத்தேன். புதுத் துரை கிழங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேரே குசினிக்குள் போய்க் குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். தோலெல்லாம் தரையில்! எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் தாத்தா காலத்தில் அயர்லாந்தில் கிழங்கெல்லாம் அழுகிப்போய், சனங்கள் பட்டினியில் செத்தார்களாம். மிச்சப் பேர் கப்பலேறினார்களாம். என் அப்பாவும் ஊர்ப் பஞ்சத்துக்குத் தப்பித்தான் கப்பலேறினார், அதனால் குனிந்து தோலையெல்லாம் பொறுக்கினேன். துரை தோட்டத் தமிழில் சொன்னார்: "என் வீட்டுலே கிழங்குத் தோல் சீவக் கூடாது, சதையும் சேந்து வீணாப் போகுது. தோலோட அவி. நான் உரிச்சுத் தின்பேன்."

கொடி கட்டிய நாள்

இங்கிலாந்து ராஜாவின் பிறந்தநாள் வந்தது. துரை மனசைக் குளிரவைக்கலாமென்று வாசல் முழுக்கச் சின்னச் சின்ன இங்கிலீஷ் கொடியாகக் கட்டினேன். முந்தைய துரை இதற்கு ஒரு புதுச் சட்டையே கொடுத்தவர். இவரோ கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம் வரை வெளியே வரவில்லை. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டார்: "அட கூறுகெட்டவனே, அவங்க ஊரையும் இங்கிலீஷ்காரன்தானே ஆண்டான், இந்தக் கொடியை இறக்கத்தானே இத்தனை நாள் சண்டை போட்டாங்க லா!"

அக்கா வீடு

சிரித்தது போதும். என் அக்கா முனியம்மா அதே தோட்டத்தில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் இருந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். அக்காவுக்கும் காய்ச்சல் விடவில்லை, வெட்டுக்கத்தியைப் பிடித்தால் கை நடுங்கும். வேலைக்கு வராதவர்களுக்கு வீடில்லை, சனிக்கிழமைக்குள் காலி பண்ணு என்று கம்பெனிக் கடிதம் வந்துவிட்டது. இரண்டு பெண் குழந்தைகளோடு அவள் எங்கே போவாள்? சாப்பாடு வைத்த கையோடு துரை முன்னால் நின்று அழுதுவிட்டேன்.

துரை சாப்பிடவில்லை. அவர் தாத்தாவையும் நிலக்காரனின் ஆட்கள் இப்படித்தான் மழையில் வெளியே தள்ளி, கூரையைப் பிரித்துப் போட்டார்களாம். பிறகு கிராணியைக் கூப்பிட்டார். "முனியம்மா பேரைப் பங்களா வேலையிலே எழுது. வீடு அவளுக்குத்தான்," என்றார். என்ன வேலை என்று எழுதுவது என்று கிராணி கேட்டார். துரை என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கிழங்குத் தோல் சீவுற வேலை."

அந்தத் துரை ஊருக்குக் கப்பலேறும் வரை, என் அக்கா ஒரு கிழங்கைக்கூடச் சீவாமல் அந்த வேலையைப் பார்த்து, இரண்டு பெண்களையும் அதே லயத்து வீட்டில் ஆளாக்கிவிட்டாள்.