வம்சத்தைக் கெடுக்க வந்த கள்ளி

அறுபதுகளின் தொடக்கத்தில், திருச்சியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துத் தாவரவியல் டீச்சர் மாற்றலாகிப் போகும்போது எனக்கு ஒரு கள்ளிச் செடி கொடுத்தார். எலுமிச்சம்பழ அளவு, உடம்பெல்லாம் வெள்ளை முள். பஸ்ஸில் மடியிலேயே வைத்து ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்தேன்.

மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"முள் செடி ஆத்துல இருந்தா வம்சம் தழைக்காதுடி. தூக்கி எறி."

எனக்குக் குழந்தை இல்லை. அதுவரை என் ஜாதகத்தின் மேல் இருந்த பழி அன்றே செடியின் மேல் ஏறியது. இத்தனை வருஷம் எந்தக் கள்ளி தடுத்தது என்று கேட்டேன். செடியை எறியவில்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், தெருவே பார்க்கட்டும் என்று வைத்தேன். ஒரு பூந்தொட்டி வைத்துக்கொள்ளக்கூட ஒருத்தி பிள்ளை பெற்றிருக்க வேண்டுமா என்ன?

வளர்ப்பது பெரிய வித்தையில்லை. தண்ணீர் ஊற்றாமல் இருக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஆறு ஓடுகிற ஊரில் அதுதான் கஷ்டம். துணி உலர்த்த வரும் மாமியார், செடியைத் திட்டிக்கொண்டே வாளியில் மிஞ்சிய தண்ணீரை அதன் தலையில் கவிழ்ப்பார். கோபம் ஒரு பக்கம், கைப்பழக்கம் ஒரு பக்கம். முதல் மழைக்காலத்தில் அடி அழுகிவிட்டது. பக்கத்தில் முளைத்திருந்த அழுகாத ஒரு குட்டியைத் திருகி எடுத்து, காயம் ஆறும்வரை நிழலில் போட்டுவைத்தேன். கொள்ளிடத்து மணலும் செங்கல் பொடியும் கலந்து, சிறிது மக்கிய சாணம் சேர்த்து நட்டேன். மண் அடிவரை காய்ந்த பிறகுதான் தண்ணீர். மழை நாட்களில் மாடிப்படிக் கூரைக்குள் ஒதுக்கிவிடுவேன்.

அடுத்த வருஷம் குட்டிக்கு மேல் குட்டியாகத் தள்ளித் தொட்டியே தெரியாமல் மூடிவிட்டது. வம்சத்தைக் கெடுக்க வந்தது போட்ட குட்டிகளைப் பார்த்து, மாமியாருக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சிரித்தேன்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஆறு குழந்தைகள். ஒவ்வொன்றையும் தொட்டிலில் போடும் நாளில் தெருப் பெண்கள் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றி வாங்குவார்கள். என் முறை வரும்போது பெற்றவளே குழந்தையை வாங்கி, என்னைத் தாண்டி அடுத்தவளிடம் கொடுத்துவிடுவாள். ஒருநாள் அவளே மாடியேறி வந்தாள்.

"மாமி, இதுல ஒரு குட்டி தரேளா?"

"நோக்கு எதுக்கு?"

"இது இருந்தா வம்சம் தழைக்காதுன்னு உங்காத்து மாமி சொல்றாளே." குரலைத் தாழ்த்தினாள். "நேக்கு இனிமே முடியலை மாமி."

சிரிக்கப் போனவள் அவள் கையைப் பார்த்தேன். முகத்தைத் துடைக்கத் தூக்கிய மெலிந்த கையில் வளையல்கள் முழங்கைவரை வழுக்கிக்கொண்டு போயின. எனக்கு அவள்மேல் இருந்த ஆத்திரம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"இந்தச் செடி யாரையும் ஒண்ணும் பண்ணாதும்மா. திருச்சியிலே லேடி டாக்டர் இருக்கா. சனிக்கிழமை கிளம்பு, நானும் கூட வரேன்."

தலையாட்டினாள். பிறகு, "குட்டியும் வேணும்" என்றாள். திருகிக் கொடுத்தேன். அது உள்ளங்கையில் குத்தியும் அவள் விடவில்லை.

சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போய்வந்தோம். ஒரு வாரம் கழித்து மாமியார் எதிர்வீட்டு மாடியைப் பார்த்துத் திகைத்தார்.

"அவளும் வெச்சுண்டுட்டாளா? ஆறு பெத்தவளுக்கு இது எதுக்குடி?"

"நேக்கென்ன தெரியும்? தானே வந்து கேட்டா. என் கையால வாங்கிண்டு போனா" என்றேன்.