எல்சியின் இரண்டாவது வாக்குச்சீட்டு

எங்கள் தொகுதி இந்த 1983 ஜூன் தேர்தலோடு இல்லாமல் போகிறது. யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து வரைபடத்தின் மேல் கோடு கிழித்ததில் கிரெய்க்ஹேவன் தொகுதி இரண்டு துண்டாகி, ஒன்று மலைப்பக்கமும் இன்னொன்று நகரத்துப் பக்கமும் போய் ஒட்டிக்கொண்டது. வாரப் பத்திரிகைக்காரர் என்னைத் தேடி வந்து, "டீச்சர், தொண்ணூத்தெட்டு வருஷத் தேர்தல் கதைய அரைப் பக்கத்துல எழுதிக் குடுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலம் முழுக்க ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குச்சாவடி மேசையில் உட்கார்ந்தவள் நான். யார் எத்தனை வாக்கு என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் உண்மையான கதை அந்த அரைப் பக்கத்தில் இல்லை. அது எல்சி ஃபார்க்கரின் சமையலறையில் இருக்கிறது.

எல்சி மீன் வெட்டுகிறவளாக வாழ்க்கையைத் தொடங்கியவள். பதினாறு வயதில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, ஊர்ப் பெண்களோடு ரயிலேறித் தெற்கே இருக்கிற யார்மத் துறைமுகத்துக்குப் போய், ஹெர்ரிங் மீனைக் குடல் எடுத்து உப்புப் பீப்பாயில் அடுக்கினாள். இருபது வயதில் ஆண்ட்ரூ ஸ்லேட்டரைக் கட்டிக்கொண்டாள். எங்கள் தெருவில் ஏழு ஆண்ட்ரூ ஸ்லேட்டர்கள் உண்டு. அதனால் ஒவ்வொருவனுக்கும் ஒரு பட்டப்பெயர், அது வாக்காளர் பட்டியலிலேயே அச்சாகி இருக்கும். எல்சியின் புருஷன் "ஷேவி". கல்யாணமான பிறகும் எல்சியைப் பிறந்த வீட்டுப் பெயரால் ஃபார்க்கர் என்றுதான் ஊர் கூப்பிட்டது, இங்கே எல்லாப் பெண்களையும் அப்படித்தான். நான் இங்கே வந்து நாற்பத்தொரு வருடமாகிறது. எனக்கு இன்னும் பட்டப்பெயர் வைக்கவில்லை. வெளியூர்க்காரிக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

ஷேவிக்குக் கடவுளுக்கு அடுத்தபடி லிபரல் கட்சி. மீனவனுக்கு முதன்முதலாக ஓட்டு வந்த 1885இல் அவனுடைய தாத்தா போட்டது லிபரலுக்கு. அதற்குப் பிறகு 1951 வரைக்கும் தொகுதி ஒரே ஒரு முறைதான் லிபரல் கையை விட்டு யூனியனிஸ்ட் கட்சிக்குப் போனது, 1924இல். அந்த ஐந்து வருடமும் ஷேவியின் அப்பா பக்கத்து வீட்டு யூனியனிஸ்ட்காரனோடு பேசவில்லை. 29இல் தொகுதி திரும்பி வந்ததும் அவனைக் கூப்பிட்டு டீ கொடுத்தாராம். அப்படிப்பட்ட குடும்பம்.

எல்சிக்கு அந்தக் கட்சி இந்தக் கட்சி எல்லாம் கிடையாது. அவளுக்கு வேண்டியது அலையைத் தடுக்க ஒரு சுவர். எங்கள் துறைமுகத்தின் வாய் வடகிழக்கைப் பார்த்துத் திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் காற்று எழும்பினால், வீடு வந்து சேர்ந்த படகு வீட்டு வாசலிலேயே உடையும். 1948 ஜனவரியில் எல்சியின் தம்பி ரோபி அப்படித்தான் போனான். பட்டப்பகல். நாங்கள் எல்லோரும் கரையில் நின்றிருந்தோம். கயிறு வீசினார்கள், எட்டவில்லை. அவனுடைய மஞ்சள் மழைச்சட்டையை நானே பார்த்தேன், அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

1951 தேர்தல் அக்டோபரில் வந்தது. அக்டோபரில் எங்கள் ஆண்கள் யாரும் ஊரில் இருப்பதில்லை, ஹெர்ரிங் பின்னாலேயே தெற்கே யார்மத்துக்குப் போயிருப்பார்கள். கடலில் இருக்கிறவன் தனக்குப் பதிலாக ஓட்டுப் போட வீட்டில் ஒருத்தியை எழுதி வைத்துவிட்டுப் போகலாம். ஆக அந்த வருடம் தெருவிலிருந்த பாதிப் பெண்களிடம் ஆளுக்கு இரண்டு ஓட்டு. வேட்பாளர்கள் இரண்டே பேர். லிபரல் தரப்பில் டன்பார், நல்ல மனிதர், வக்கீல். சுவரைப் பற்றிக் கேட்டால் "ஐந்து வருடம் கழித்துப் பரிசீலிக்கலாம்" என்றார். லேபர் தரப்பில் பிரைட் என்று முன்னாள் தபால்காரர். அவர் கூட்டத்தில், "அந்தத் துறைமுக வாசல்ல இதுவரைக்கும் எத்தன பேரு போயிருக்காங்க?" என்று கேட்டார்.

எல்சி எழுந்து நின்றாள். "பதினோரு பேரு. கடைசி ஆளு என் தம்பி."

"நான் ஜெயிச்சா முதல் வேல அந்தச் சுவரும்மா" என்றார் பிரைட்.

இதை யாரோ ஷேவியிடம் சொல்லிவிட்டார்கள். படகு கிளம்புகிற அன்று, துறைமுகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அவன் கத்தினான்: "எல்சி! உன் ஓட்டு உன் இஷ்டம். என் ஓட்ட எங்க தாத்தா போட்ட எடத்துல போடணும். வாக்குக் குடு!"

"குடுத்தேன், குடுத்தேன். நீ போயி மீனப் பிடி" என்றாள் எல்சி.

"ஊரு சாட்சி!"

"ஊருக்கு வேற வேல இல்லயா? போடா!"

எல்லோரும் சிரித்தார்கள். எல்சி சிரிக்கவில்லை.

தேர்தல் நாள் மத்தியானம் அவள் என் மேசைக்கு வந்தாள். அவள் பெயருக்கு நேராக ஒரு கோடு, ஷேவியின் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டு, இரண்டு சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்தேன். தடுப்புக்குள் போனாள். மற்றவர்கள் அரை நிமிடத்தில் வெளியே வருவார்கள். எல்சி வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் செருமத் தொடங்கினார்கள். பிறகு "டக்" என்று ஒரு சத்தம். தலையை மட்டும் நீட்டி, "டீச்சர், பென்சில் ஒடஞ்சிருச்சு" என்றாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என் பென்சிலைக் கொடுத்தேன். சீட்டுகளைப் பெட்டியில் போட்டுவிட்டு யாரையும் பார்க்காமல் போனாள்.

மறுநாள் நான்கு முறை எண்ணினார்கள். லேபர் 9,214. லிபரல் 9,213.

ஒரே ஓட்டில் ஜெயித்த தொகுதியில் ஒவ்வொருவனும் தன் ஓட்டுதான் அந்த ஓட்டு என்பான். எங்கள் ஊரிலும் ஒரு வாரம் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். பிறகு பேச்செல்லாம் எல்சியிடம் வந்து நின்றது. அதற்குக் காரணம் நான். வாக்குச்சாவடியில் கண்டதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு, அந்தப் பென்சில் கதையை நான் குடியிருந்த வீட்டுக்காரம்மாவிடம் டீ குடிக்கும்போது உளறிவிட்டேன். வெட்கக்கேடு. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது: எல்சி புருஷனுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டாள், அதில்தான் பென்சிலே உடைந்துவிட்டது. கணக்கும் ஒத்துப்போயிற்று. ஷேவியின் ஓட்டு அவன் சொன்ன இடத்துக்குப் போயிருந்தால் லிபரல் ஒரு ஓட்டில் ஜெயித்திருக்கும்.

யார்மத்திலிருந்து திரும்புகிற ஆண்கள் மனைவிக்குப் பீங்கான் ஏதாவது வாங்கி வருவது வழக்கம். நவம்பர் கடைசியில் ஷேவி வந்தான். வாங்கி வந்த நீலப்பூ ஜாடியைக் காகிதம்கூடப் பிரிக்காமல் மேசையில் வைத்தான். அவள் கையில் கொடுக்கவில்லை. ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. வசந்தம் வரைக்கும் அந்த வீட்டில் "சாப்பாடு ரெடி", "கதவச் சாத்து" என்கிற அளவில்தான் பேச்சு. குழாயடியிலோ கேலி ஓயவில்லை. "ஏ எல்சி, புருஷன் ஓட்ட இன்னும் ஏப்ரன் பையிலயா வச்சிருக்க? பத்திரம்டி, கீழ விழுந்துரப் போகுது!" எல்சி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

பிரைட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பதவியில் இருந்தது நாலு வருடம்தான். 55இல் யூனியனிஸ்ட் கட்சி அவரைத் தோற்கடித்துவிட்டது. ஆனால் அதற்குள் சுவருக்கான வேலை தொடங்கிவிட்டது, 56இல் முடிந்தது.

1959 மார்ச்சில் வடகிழக்குக் காற்று எழும்பியபோது ஷேவியின் படகு வெளியே இருந்தது. கூடவே இரண்டு மகன்கள், இருபது வயதும் பதினெட்டு வயதும். மத்தியானம் மூன்று மணிக்குக் கரையில் அதே கூட்டம், அதே இடம். அலை சுவரில் மோதி வெண்மையாக எழும்பி விழுந்தது, சுவருக்கு இந்தப் பக்கம் தண்ணீர் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. படகு திரும்பி உள்ளே நுழைந்தது, அவ்வளவுதான். ஷேவி கரையேறி நேரே எல்சியிடம் வந்தான். இந்த ஊரில் எவனும் நாலு பேர் எதிரில் பெண்டாட்டியைத் தொட மாட்டான். அவன் அவளுடைய தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நல்லவேளடி, நீ என்னய ஏமாத்தின" என்றான்.

எல்சி வாயைத் திறந்தாள். பிறகு மகன்களைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அது "என் பொண்டாட்டி கட்டின சுவரு" ஆகிவிட்டது. தினம் சாயங்காலம் சுவரின் கோடி வரைக்கும் நடந்து போய் வருவான். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கதையைச் சொல்வான். இருபத்துநாலு வருடம் இப்படி. நானும் பத்திரிகைக்கான கட்டுரையில் "ஒரு வீட்டின் ஒரு ஓட்டு இந்த ஊரைக் காப்பாற்றியது" என்று, பெயர் போடாமல், அழகாக ஒரு வரி எழுதியிருந்தேன். அனுப்புவதற்கு முன்னால் படித்துக் காட்டலாம் என்று இந்த மே மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஷேவிக்கு இடுப்பு தேய்ந்து போயிருந்தது, நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. எல்சி ஓட்ஸ் மாவில் புரட்டி ஹெர்ரிங் பொரித்துக்கொண்டிருந்தாள்.

நான் அந்த வரியைப் படித்ததும் ஷேவி தொடையைத் தட்டினான். "அப்படிப் போடுங்க டீச்சர்! பேரும் போடுங்க! பயந்தா எழுதுறது?"

"அந்த வரிய எடுத்துருங்க" என்றாள் எல்சி. அடுப்பைப் பார்த்துத்தான் நின்றிருந்தாள்.

"ஏன்டி?"

"நெசம் இல்ல. உன் ஓட்ட நீ சொன்ன எடத்துலதான் போட்டேன்."

ஷேவி என்னைப் பார்த்தான், நான் என் காகிதத்தைப் பார்த்தேன்.

"ஜெயிச்சது ஒரு ஓட்டுலயாச்சே" என்றான்.

"என்னோடத பிரைட்டுக்குப் போட்டேன். உன்னோடத டன்பாருக்குப் போட்டேன். அதப் போடுறப்பதான் பென்சில் ஒடஞ்சுது. ரோபி கண்ணு முன்னாடி நிக்கிறான், நான் அவனுக்கு எதிரா கோடு போடுறேன். வாக்குக் குடுத்துட்டேனே, என்ன பண்றது?"

"இத்தன வருஷமா ஏன்டி சொல்லல?"

"நீ கேட்டியா?" முதல் முறையாகத் திரும்பினாள். "ஜாடியக் கொண்டாந்து மேசையில வச்ச பாரு, அன்னிக்கு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீயே முடிவு கட்டிட்ட. முடிவு கட்டினவன்கிட்ட நான் எதுக்குச் சொல்லணும்? அப்பறம் பசங்களோட கரையேறி வந்து சந்தோஷமா சொன்ன, அன்னிக்கு எப்படிச் சொல்றது?"

ஷேவி ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்தான். "அப்ப அந்தச் சுவரு வேண்டாம்னு சொன்னது நானு" என்றான். "செய்யாத தப்புக்கு இருபத்துநாலு வருஷமா உன்ன மன்னிச்சுக்கிட்டு வேற இருந்திருக்கேன்."

"மீன் ஆறுது, சாப்பிடு" என்றாள் எல்சி.

பென்சில் கதையை வெளியே விட்டது நான்தான் என்று அப்போதே சொன்னேன். "தெரியும் டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். அந்த வரியை அடித்துவிட்டுக் கட்டுரையை அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ஷேவி என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். இடுப்பு அறுவைக்கு நகரத்து மருத்துவமனையில் நாள் கொடுத்துவிட்டார்கள், ஜூன் ஒன்பதாம் தேதி தேர்தலன்று அவன் கட்டிலில் கிடப்பான். தனக்குப் பதிலாக எல்சி ஓட்டுப் போட விண்ணப்பம் எழுதித் தர வேண்டுமாம். எழுதினேன். கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினான். மேசையில் வைக்கவில்லை, கையில் கொடுத்தான்.

"யாருக்குன்னு சொல்லு" என்றாள் எல்சி.

"சொல்ல மாட்டேன்."

"சொல்லாட்டி எப்படிப் போடுறது?"

"ரோபியக் கேட்டுப் போடு" என்றான் ஷேவி.

எல்சி காகிதத்தை நாலாக மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, "டீச்சர், உங்க பென்சில் ஒண்ணு குடுங்க. அங்க கயித்துல கட்டி வச்சிருக்கிறத நம்ப முடியாது" என்றாள்.