வளைந்து தெரிந்த சுவர்

ரேடார் திருத்துகிறவள் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் எனக்கு விமான நிலையத்தில் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். என் வேலை கேரம் டவுன்ஸ் என்ற புறநகரில், ஒரு தகரக் கூரைப் பட்டறையில். மீன்பிடிப் படகுகளின் பழைய ரேடார்கள்தான் என் தலையில் வந்து விழும்.

அந்த ரேடார்களில் எல்லாமே ஒரு சின்ன மின்துடிப்பை நம்பித்தான் நடக்கிறது. படகின் கம்பத்து உச்சியில் இருக்கும் டிரான்ஸ்மிட்டருக்குப் போய் அது “அனுப்பு” என்கிறது. திரைக்குப் போய், எதிரொலி திரும்பி வரும் நேரத்தை “எண்ணத் தொடங்கு” என்கிறது. கேபிள் நீளமென்றால் கம்பத்துக்குக் கட்டளை பிந்திப் போகும், எதிரொலியும் பிந்தி வரும். திரையையும் அதே அளவு தாமதிக்க வைக்காவிட்டால், கிட்ட இருப்பது தள்ளி இருப்பதாகத் தெரியும்.

மன்னார்க்கார அங்கிள் ஒருவரின் ரேடாரைப் பட்டறை மேசையில் இரண்டு மீட்டர் கேபிளில் சரிசெய்தேன். அவருடைய படகில் இருபது மீட்டர். கம்பத்தில் பூட்டிய பிறகு அந்தத் தாமதத்தைப் படகிலேயே மறுபடி சரிபார்க்க வேண்டும். அன்று மழை, எனக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். “எல்லாம் சரி அங்கிள்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை ஸ்பிரிங்வேல் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். வெளியே ஒரே பனிமூட்டம். அங்கிள் படகிலிருந்து போன் அடித்தார்.

“பிள்ளை, கரைக்கு வாறன். துறைமுகச் சுவர் நேராத்தானே இருக்குது, திரையில வளைஞ்செல்லோ தெரியுது?”

“கண்ணாடியை மாத்துங்கோ அங்கிள்” என்று சிரித்துவிட்டு வைத்தேன்.

காருக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. தூரக் கணக்கு பிழைத்தால் நேர்ச் சுவர் வளைந்துதான் தெரியும். இந்த வேலையில் முதலில் படிக்கும் பாடமே அதுதான். சுவரை முப்பது மீட்டருக்குக் கிட்டத் தள்ளிக் காட்டி அந்தத் திரை பொய் சொல்லிக்கொண்டிருந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பனியில் எதிரே நின்ற கார்கூடத் தெரியவில்லை. என் வாய்க்கொழுப்பை நினைத்து எனக்கே ஆத்திரம் வந்தது.

ஏழாம் தடவை எடுத்தார். மூச்சு வாங்கியது.

“போட் சுவரில அடிச்சுப்போட்டுது பிள்ளை. என்ர மச்சான் முன்னுக்கு நிண்டவர், கை நசிஞ்சு போச்சு. அம்புலன்ஸ் வருது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உன்ர மெஷினில பிழை இல்லை. நான்தான் கிட்டக் கொண்டுபோனனான். ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவன், நீ பயப்பிடாதை” என்றார்.

“இல்லை அங்கிள். பிழை என்ர. நான் சரிபார்க்கேல்லை.”

அவர் போனை வைக்கவில்லை. பின்னால் அவருடைய மச்சான் அலறுவது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.