கன்றுக்கு இரண்டு காம்பு

எங்கள் ஊர் காலியான வருடம் நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் இடையில், ஒரு சபைக்கோவிலும் ஒரு பள்ளிக்கூடமும் மரச்சீனிக் கிழங்கு பயிரிட்ட விளைகளும் உள்ள சின்ன ஊர். மலையாள ஆட்சியில் இருந்த தமிழ் பேசும் இடங்களைத் தமிழ் மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று பெரியவர்கள் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம். என் அப்பாவும் அந்தக் கூட்டங்களில் பேசுவார். வீட்டில் அதிகம் பேசாதவர் அங்கே போய் அவ்வளவு நேரம் எப்படிப் பேசுகிறார் என்பது எனக்கும் அம்மாவுக்கும் ஆச்சரியமாக இருந்தது.

கிழக்கே விளவங்கோட்டுப் பக்கம் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்ததாகச் செய்தி வந்தது. மறுநாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம் வந்து இறங்கியது. வீடு வீடாகப் புகுந்து ஆண்களைப் பிடிக்கிறார்கள் என்றதும் ஊர் அப்படியே எழுந்து போய்விட்டது. சிலர் ஆரியங்கோட்டு ரப்பர் காடுகளுக்கு, சிலர் காட்டாக்கடைக்கு அந்தப் பக்கம் உள்ள சொந்தக்காரர் வீடுகளுக்கு. அப்பா எங்கே போனார் என்று அம்மாவுக்கே தெரியவில்லை. பிள்ளைகளையும் பானைகளையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், கட்டியிருந்த ஆடுமாடுகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டொரு நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

எங்களால் போக முடியவில்லை. அம்மா அப்போதுதான் தம்பியைப் பெற்றுக் காய்ச்சலில் கிடந்தாள். அவளுக்குத் துணையாகச் சித்தி வந்திருந்தாள். சித்தி அம்மாவின் தங்கை. மிஷன் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் உதவி வேலை செய்தவள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பக்கத்து வீட்டு மாமிக்கு அண்ணன் மகன், வாத்தியார் வேலை. அந்த மாமிதான் முன்னின்று பேசி முடித்தவள். சபையில் கல்யாண ஓலை வாசித்து எல்லோருக்கும் அறிவிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

ஊர் காலியான பிறகு முதலில் எங்களுக்குக் கேட்டது மாடுகளின் சத்தம். காலையில் ஒன்றிரண்டு கூப்பிட்டன. சாயங்காலத்துக்குள் நாலு பக்கமிருந்தும் கூப்பிட ஆரம்பித்தன. பசியில் கத்துவதற்கும் தாகத்தில் கத்துவதற்கும் வித்தியாசம் உண்டு என்று சித்தி சொன்னாள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. மறுநாள் சில சத்தங்கள் குறைந்தன. சித்தி எழுந்து சேலையை இடுப்பில் செருகினாள்.

"எங்க போற?" என்றாள் அம்மா.

"அதுகளுக்கு வெள்ளம் காட்டிட்டு வாறேன்."

"போலீசு நிக்குது. பேசாம கெட."

"கெட்டிப் போட்ட உயிரு அக்கா. அதுகளால ஓட முடியுமா?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

நாங்கள் வீடு வீடாகப் போனோம். ஆளில்லாத வீடுகளுக்குள் போவது எனக்கு முதலில் திருட்டு விளையாட்டைப்போல உற்சாகமாக இருந்தது. ஒரு வீட்டில் கோழிகளைக் கூடைக்குள் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கூடையைத் தூக்கியதும் இரண்டு மட்டும் வெளியே வந்தன. இன்னொரு வீட்டில் ஓர் ஆடு கயிற்றோடு பலாமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கழுத்து மரத்தோடு இறுகிச் செத்துக் கிடந்தது. வாளி நிறைய தண்ணீர் அதற்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு என் உற்சாகம் போய்விட்டது. சித்தி கயிற்றை அறுத்து, ஆட்டின் தலையைத் தரையில் மெல்ல வைத்தாள்.

உயிரோடு இருந்தவற்றை எல்லாம் எங்கள் வீட்டைச் சுற்றிய விளைக்குக் கொண்டுவந்தோம். பசுக்கள், ஆடுகள், ஒரு கிழட்டு எருமை, பின்னாலேயே வந்துவிட்ட நாய்கள். அவ்வளவு வாய்க்கும் தீனி எங்கே போவது? ஊரின் கோடியில் ஒரு மலையாளத்து வீடு இருந்தது. அவர்கள் ஓடவில்லை, ஓட வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. அந்த வீட்டு அம்மா சித்தியைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் தன் வைக்கோல் போரைக் காட்டினாள். "எடுத்தோ மோளே" என்றாள். வைக்கோலைத் தலையில் சுமந்து நாங்கள் நடந்தபோது எங்களைப் பார்க்க ஊரில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

பக்கத்து வீட்டு மாமியின் பசு மட்டும் தொழுவத்தில் இல்லை. கன்று மட்டும் மூலையில் படுத்துக் கிடந்தது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிவப்புக் கன்று. சித்தி விரலைக் கஞ்சியில் நனைத்து அதன் வாயில் வைத்தாள். அது சப்பத் தெரியாமல் அவளையே பார்த்தது. பசுவைப் போலீஸ்காரர்கள் சாயாவுக்குப் பால் வேண்டுமென்று அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஆனால் பசு அவர்களுக்குப் பால் கொடுக்கவில்லை. கன்று முட்டாமல் எங்கள் ஊர்ப் பசு எதுவும் மடியில் பால் இறக்காது. உட்கார்ந்து கறக்கப்போன ஒரு போலீஸ்காரரை அது உதைத்துத் தள்ளியிருக்கிறது. அதனால் கன்றைத் தேடி ஒரு ஏட்டு எங்கள் விளைக்கு வந்தார். வடக்கே எங்கோ ஊர். நரைத்த மீசை, பெரிய வயிறு. போலீஸைக் கண்டதும் நான் எருமைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எருமை அதைப் பொருட்படுத்தவில்லை.

"ஆ கன்னுகுட்டிய இங்கோட்டு தா கொச்சே" என்றார்.

சித்தி கன்றின் கயிற்றை விடவில்லை. அவளுக்கு மலையாளம் நன்றாக வரும். ஆனால் அன்று தமிழில்தான் பேசினாள்.

"கன்ன கொண்டு போனா நீங்க பால முழுசா கறந்திருவீங்க. இது செத்துப் போவும். நான் காலையிலயும் சாயங்காலமும் கொண்டு வாறேன். ரெண்டு காம்பு கன்னுக்கு, ரெண்டு காம்பு ஒங்களுக்கு."

ஏட்டு கன்றின் முதுகெலும்பைத் தடவினார். வீட்டில் மாடு வைத்திருப்பவர் தடவுகிற மாதிரி இருந்தது அது.

"ஆர் கறக்கும்?"

"நானாக்கும் கறப்பேன். அது அந்நிய ஆளுகள ஒதைக்கும்."

"செரி" என்றார் ஏட்டு. போகும்போது சித்தி நாய்களைப் பற்றியும் கேட்டாள். வண்டியைப் பார்த்துக் குரைத்ததற்காகக் சபையில் மணியடிக்கும் கோவில்குட்டியாரின் நாயை முந்தின நாள்தான் சுட்டிருந்தார்கள். கட்டி வைத்த நாயைச் சுடமாட்டோம் என்று ஏட்டு சொன்னார். கையில் கிடைத்த கயிறு, சேலைக்கரை எல்லாவற்றாலும் நாங்கள் நாய்களைக் கட்டினோம்.

அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும் கன்றை நடத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பசுவை மதிலுக்கு வெளியே ஓர் அயினி மரத்தில் கட்டியிருந்தார்கள். கன்றைக் கண்டதும் அது கூப்பிடும் சத்தம் தெரு முழுவதும் கேட்கும். சித்தி முதலில் கன்றைக் குடிக்க விடுவாள். அது வாலைச் சுழற்றிக்கொண்டு முட்டும்போது அவள் முகம் இளகும். பிறகு கன்றை என் கையில் கொடுத்துவிட்டு மற்ற இரண்டு காம்புகளைக் கறப்பாள். மதிலின் மேல் உட்கார்ந்து இளவயதுப் போலீஸ்காரர்கள் சிலர் ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். சித்தி தலையைத் தூக்கமாட்டாள். ஏட்டு வந்து அவர்களை அதட்டுவார். செம்பை மதிலின்மேல் வைத்துவிட்டு நாங்கள் திரும்பிவிடுவோம்.

என் வகுப்பறை ஜன்னல் வழியாகச் சில சமயம் ஆண்கள் அலறும் சத்தம் கேட்கும். அப்போது சித்தி கறப்பதை நிறுத்திவிடுவாள். பசுவின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு மறுபடி கறப்பாள். ஒருநாள் ஏட்டு எனக்கு ஒரு துண்டு கருப்பட்டி தந்தார். "இங்கயே தின்னுட்டு வா. வீட்டுக்கு எடுத்துட்டு வராத" என்றாள் சித்தி. அம்மாவுக்குப் பங்கு கொடுக்கக் கூடாது என்கிறாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அந்தப் பாலில் ஒரு சொட்டுகூட வீட்டுக்கு வரவில்லை. காய்ச்சலில் அம்மாவுக்குப் பால் வற்றிப்போய், தம்பி இரவும் பகலும் அழுதுகொண்டிருந்தான். "ஒரு சங்கு பாலு கொண்டு வந்தா என்ன கொறஞ்சிரும்?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். "அது நம்ம மாடு இல்ல அக்கா. மாமி வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றாள் சித்தி. தம்பிக்கு ஆட்டுப்பாலைக் காய்ச்சித் தண்ணீர் கலந்து கொடுத்தாள். அதுவும் எங்கள் ஆட்டின் பால். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தக் கோபம் அவளுக்கு நெடுநாள் இருந்தது.

மாமியின் பசுவை அயினி மரத்திலேயே விட்டுவிட்டு, முகாமை எடுத்துக்கொண்டு போலீஸ் போன பிறகு ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆட்கள் மெலிந்து கறுத்திருந்தார்கள். எங்கள் விளைக்கு வந்து தங்கள் மாட்டை அடையாளம் சொல்லி அவிழ்த்துக்கொண்டு போனார்கள். கோவில்குட்டியார் மட்டும் வந்து, மற்ற நாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பினார். செத்த ஆட்டுக்காரி எங்கள் முற்றத்தில் நின்று அழுதாள். கொஞ்சம் முன்னால் போயிருக்கக் கூடாதா என்று சித்தியைக் கேட்டாள்.

பக்கத்து வீட்டு மாமி கன்றைக் கண்டு அப்படியே கட்டிக்கொண்டாள். "எனக்க செல்லமே, நீ தடிச்சு போனியே" என்று அதன் நெற்றியில் முத்தமிட்டாள். சித்தியின் கையைப் பிடித்து, "நீ எங்க வீட்டுக்கு வர வேண்டிய பொண்ணுதான் மக்கா" என்றாள். சித்தி சிரித்தாள். அந்த நாட்களில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

கன்று எப்படித் தடித்தது என்பதை மாமிக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஓடாமல் பரணிலும் புதரிலும் பதுங்கிக் கிடந்தவர்களும் ஊரில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு ஒரு பெண் இரண்டு வேளையும் முகாமுக்குப் போனது தெரிந்தது. போலீஸ் அவளிடம் பேசியது தெரிந்தது. மலையாளத்து வீட்டு வைக்கோலும் தெரிந்தது. கன்று சின்ன உருவம், நானும் சின்ன உருவம். நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தூரத்துக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

அப்பா ஜெயிலிலிருந்து கடைசியாக வந்தார். ஆரியங்கோட்டில் வைத்துப் பிடித்து, முதலில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். அவருடைய வலது கை தோளுக்கு மேலே உயரவில்லை. அம்மா சோறு பிசைந்து கொடுக்க, அவர் சித்தியைப் பார்த்தார்.

"நீ போலீசுக்கு பாலு கறந்து குடுத்தியா?"

"குடுத்தேன் அத்தான்."

"எதுக்கு?"

"இல்லேண்ணா கன்னு செத்துப் போவும்."

அப்பா குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பால குடிச்ச கையாக்கும் எங்கள அடிச்சது" என்றார்.

அதற்குச் சித்தி என்ன சொல்ல முடியும் என்று இன்றுவரை எனக்கும் தெரியவில்லை. அப்பா சொன்னது பொய் இல்லை. சித்தி செய்ததும் தப்பு இல்லை. அம்மா மட்டும் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள்.

அந்த வார ஆராதனையில் சித்தியின் கல்யாண ஓலை வாசிக்கப்படும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு யாருடையதோ வாசித்தார்கள். மாமி எங்கள் பக்கம் திரும்பாமல் வெளியே போனாள். பிறகு வேலியில் இருந்த வழியை முள் வைத்து அடைத்தாள். கன்று அந்தப் பக்கத்திலிருந்து சித்தியைப் பார்த்துக் கத்தும். சித்தி அடுக்களைக்குள் போய்விடுவாள்.

ஒருநாள் மரச்சீனி உரித்துக்கொண்டிருந்தபோது சித்தி திடீரென்று கேட்டாள்.

"மக்கா, நாம பால் கறக்க போனப்ப எங்க நின்னோம்? ஓர்மை உண்டா?"

"மதிலுக்கு வெளிய."

"உள்ள எப்பளாவது போனோமா?"

"இல்லியே."

"ஆங்" என்றாள். இவ்வளவு எளிதான கேள்வியை ஏன் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் கிழங்குத் தோலை ஆட்டுக்குப் போட ஓடினேன். அந்தக் கேள்வியை ஊரில் வேறு ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. எந்நேரமும் கூடவே இருந்தது நான்தான் என்பது அப்பாவுக்கும் மாமிக்கும் தெரியாததல்ல. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் சொல்லை யார் சாட்சியாக எடுக்கப் போகிறார்கள்.

சித்தி நாகர்கோவிலுக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். பிறகு எல்லை பிரித்தபோது அவள் இருந்த இடம் தமிழ்நாட்டிலும் நாங்கள் இருந்த இடம் கேரளத்திலும் ஆயின. சித்தி கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. அவள் கிளம்பிய காலையில் பாறசாலையில் பஸ் ஏற்றிவிட அப்பா வரவில்லை. நானும் தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மாவும்தான் போனோம். பஸ் கிளம்பும்போது அம்மா அழுதாள். அவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மாடுகள் எல்லாம் அதனதன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன, இங்கே சித்திக்கு இனி வேலை இல்லை, அதனால் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். நன்றாக வேலை செய்த ஆளைச் சந்தோஷமாகத்தானே அனுப்ப வேண்டும் என்று, பஸ் வளைவு திரும்பும்வரை சிரித்துக்கொண்டே கையை ஆட்டினேன்.