மதிலைப் பார்த்த பலகையும் தண்டக் கடதாசியும்

1. வைப்பரில் செருகியது

சந்தை வாசலில் பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தால், என் ஒஸ்ரின் காரின் வைப்பரில் ஒரு கடதாசி. தடைசெய்த இடத்தில் வாகனம் நிறுத்தியதற்குத் தண்டம். திங்கட்கிழமை பிரதேச சபைக் கந்தோரில் விசாரணை. குற்றம் உறுதியானால் வாடகைக் கார் அனுமதி ரத்து. கோப்பாயில் பன்னிரண்டு வருடம் ஹயர் ஓடிய எனக்கு அந்த அனுமதிதான் சோறு.

அது பெற்றோலுக்குத் தடை விழுந்து, மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம். காபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தச் சொட்டுகளுக்காகச் சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை மருந்துபோல வைத்திருந்தேன். கடதாசியை வாசித்த பதற்றத்தில் அவ்வளவையும் ஊற்றிவிட்டேன். கார் குதித்துக்கொண்டு புறப்பட்டது. நானும்தான்.

2. மனுசிக்குப் பாடமான பலகை

"அங்கை நிறுத்தக்கூடாதெண்டு எங்கை கிடக்கு? அங்கை நிக்கிற ஒரே பலகையிலை 'இன்று மண்ணெண்ணெய் இல்லை' எண்டுதானே எழுதியிருக்கு" என்று வீட்டில் புலம்பினேன்.

"மற்றப் பக்கம் பாத்தனீங்களோ?" என்றாள் என் மனுசி. "மதில் பக்கம் 'வாகனம் நிறுத்தாதீர்' எண்டு கிடக்கு. மண்ணெண்ணெய்க் கியூவிலை மதிலோடை நிண்டு நிண்டு எனக்கு அது பாடம்."

தகரத் தட்டுப்பாட்டில் சபைக்காரர் பழைய அறிவித்தலின் முதுகில் மண்ணெண்ணெய்ச் செய்தியை எழுதி, அந்த முதுகை றோட்டுப் பக்கம் திருப்பி நட்டிருந்தார்கள்.

"இப்ப நான் என்ன செய்ய?"

"சபையிலைதான் பிழை எண்டு எழுதிக் குடுங்கோ. நடுங்காமல் எழுதுங்கோ, எழுத்து விளங்கவேணும்."

3. விசாரணை

திங்கட்கிழமை அயலில் கெஞ்சி வாங்கிய நாலு சொட்டுப் பெற்றோலில் புறப்பட்டேன். திரும்பி வரச் சொட்டு இல்லை. அதனால் எஞ்சினை நிறுத்தாமல் கந்தோர் வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

செயலாளருக்குப் பக்கத்தில், கடதாசி செருகிய பரிசோதகர் நின்றார். "பலகை அங்கை இருக்கு ஐயா. நானே நட்டது" என்றார்.

வழி முழுக்கப் பாடமாக்கிய பேச்சு எனக்கு மறந்துபோயிற்று. "ஓம் ஐயா" என்றேன்.

"ஓம் எண்டால்? குற்றத்தை ஒத்துக்கொள்ளுறீரோ?" என்றார் செயலாளர்.

எழுதிக்கொண்டு வந்த முறைப்பாட்டை நீட்டினேன். அவர் உரக்க வாசித்தார்: "பலகையின் மதில் பக்கத்தில், கியூவில் நிற்கும் பெண்களுக்கு வாகனம் நிறுத்த வேண்டாம் என்று சபை அறிவித்திருக்கிறது. அவர்களில் ஒருவரிடமும் வாகனம் இல்லை. றோட்டுப் பக்கத்தில், வாகனம் வைத்திருக்கும் எனக்கு மண்ணெண்ணெய் இல்லை என்று மட்டும் அறிவித்திருக்கிறது."

செயலாளர் பரிசோதகர் பக்கம் திரும்பினார். "தடை ஆருக்கு ஐசே? மதிலுக்கோ?"

"றோட்டாலை போற சனத்துக்கு மண்ணெண்ணெய் விசயம் தெரியட்டுமெண்டு..."

செயலாளர் சிவப்புப் பேனையால் தண்டத்தைக் குறுக்கே வெட்டினார். அதே நேரம் வெளியே என் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. நான் வாசலை எட்டிப் பார்த்தேன்.

"வெண்ட பிறகும் ஏன் முழுசுறீர்?" என்று கேட்டார். திரும்ப ஸ்ராட் பண்ணப் பெற்றோல் இல்லை என்று சொன்னேன்.

அவர் பரிசோதகரைப் பார்த்தார். "கடதாசி செருகின கையாலை காரையும் கொஞ்சம் தள்ளிவிடும்."

எஞ்சின் சூடாகத்தான் இருந்தது; அந்தச் சூட்டில் மண்ணெண்ணெயே போதும். கிளச்சை விட்டிருந்தால் பத்து யார் தூரத்தில் ஸ்ராட் ஆகியிருக்கும். பரிசோதகர் தள்ளத் தள்ள, மனுசி நிற்கும் மண்ணெண்ணெய்க் கியூ வரும்வரை நான் கிளச்சை விடவில்லை.

இப்போது ஹயர் ஓடவரும் தம்பிமாருக்கு: தண்டக் கடதாசி வந்தால் பெற்றோல் போத்தலில் கை வைக்காதீர்கள். முதலில் பலகையை ஒருமுறை சுற்றிவாருங்கள்.